47.64 டாலரும் 47.12 டாலரும்: வளரும் சந்தை ஃபண்டின் பழைய விலைகளைப் படிக்கும் விதம்

2010-ஆம் ஆண்டின் கடைசி வர்த்தக நாளில் ஈ.ஈ.எம் என்ற அமெரிக்க ஃபண்டின் ஒரு யூனிட் 47.64 டாலரில் முடிந்தது. 2017-இன் கடைசி வர்த்தக நாளில் அதே யூனிட் 47.12 டாலர். நடுவில் ஏழு ஆண்டுகள். இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் புதியவர் "ஏழு வருஷம் காத்திருந்து அரை டாலர் நஷ்டமா!" என்றுதான் சொல்வார். முதல்முறை பார்த்தபோது நானும் அதைத்தான் சொன்னேன்.

கணக்கு அப்படி இல்லை. அந்த ஏழு ஆண்டுகளில் ஃபண்ட் பின்தொடரும் குறியீடு (பல பங்குகளின் விலையைச் சேர்த்து அளக்கும் இண்டெக்ஸ்), டிவிடெண்டையும், அதாவது நிறுவனங்கள் தரும் லாபப் பங்கையும் சேர்த்தால், சுமார் 19 சதவீதம் ஏறியிருக்கிறது. ஏழு வருஷத்துக்கு 19 சதவீதம் என்பது கொண்டாடுகிற வருமானம் இல்லைதான், ஆனாலும் நஷ்டம் இல்லை. பட்டியல் பொய் சொல்லவில்லை. நாம் மனதில் வைத்திருந்த கேள்வி ஒன்று, பட்டியல் பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு. பழைய விலைகளைப் படிக்கக் கற்றுக்கொள்வது என்றால், ஒவ்வொரு எண்ணையும் பார்த்து "உனக்கு என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்?" என்று கேட்கப் பழகுவதுதான். அதை ஒரே ஒரு ஃபண்டை வைத்துப் பார்ப்போம். ஈ.ஈ.எம் இதற்கு நல்ல உதாரணம். புதியவர் விழக்கூடிய எல்லாக் குழிகளும் அதன் வரலாற்றில் இருக்கின்றன.

முதலில், இது என்ன ஃபண்ட்?

'எமர்ஜிங் மார்க்கெட்', அதாவது வளரும் சந்தை என்ற சொல்லே ஒரு விற்பனைத் தேவையில் பிறந்தது. 1981-இல் உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. நிறுவனத்தில் இருந்த அந்துவான் வான் அக்ட்மேல், 'மூன்றாம் உலகப் பங்கு ஃபண்ட்' என்ற யோசனையை நியூயார்க்கில் முதலீட்டாளர்கள் முன் வைத்தார். யோசனை பிடித்திருந்தது, பெயர்தான் பிடிக்கவில்லை. 'மூன்றாம் உலகம்' என்று சொல்லி யாரிடம் பணம் வாங்குவது? அப்போது அவர் யோசித்துப் பிடித்த மாற்றுப் பெயர்தான் இது. 1988-இல் எம்.எஸ்.சி.ஐ. நிறுவனம் வளரும் சந்தைகளுக்கென ஒரு குறியீட்டைத் தொடங்கியது. அன்று அதில் 10 நாடுகள், இப்போது 24. சீனா, தைவான், இந்தியா, தென் கொரியா ஆகிய நான்கும் கனமானவை. பிரேசில், சவூதி, தென் ஆப்பிரிக்கா, மெக்சிகோ எல்லாம் அவற்றுக்குப் பின்னால் வருகின்றன. இலங்கை இந்தக் கூடையில் இல்லை. அது இதற்கும் அடுத்த படியான 'ஃபிரான்டியர்' சந்தைகளின் பட்டியலில் இருக்கிறது.

இந்தக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் இ.டி.எஃப். (பங்குச் சந்தையில் பட்டியலாகும் ஃபண்ட்) தான் ஈ.ஈ.எம். ஐஷேர்ஸ் என்ற பெயரில் 2003 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. அப்போது ஐஷேர்ஸ் பார்க்ளேஸ் வசம் இருந்தது, 2009-இல் பிளாக்ராக் வாங்கியது. பங்கு போலவே நியூயார்க் சந்தையில் நாள் முழுவதும் விற்று வாங்கலாம். அதனால் அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு விலை வரலாறு உண்டு.

படி 1: பட்டியலைத் திறந்து, தலைப்புகளைப் படியுங்கள்

யாஹூ ஃபைனான்ஸ் போன்ற தளத்தில் EEM என்ற ஃபண்டின் சுருக்க எழுத்துகளைத் தட்டி, வரலாற்றுத் தரவு என்ற பகுதிக்குப் போனால் ஒரு நீளமான அட்டவணை வரும். தேதி, தொடக்க விலை, அன்றைய உச்சம், அன்றைய தாழ்வு, முடிவு விலை, சரிசெய்யப்பட்ட முடிவு விலை, கைமாறிய யூனிட்டுகளின் எண்ணிக்கை. ஏழு பத்தி. நீண்டகாலக் கணக்குக்கு இவற்றில் தேதியும் இரண்டு முடிவு விலைகளும் போதும். உச்சம், தாழ்வு எல்லாம் அன்றாடம் வாங்கி விற்பவர்களின் கவலை.

தேதியிலேயே ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கத் தளங்களில் மாதம் முன்னால், நாள் பின்னால். 03/04/2009 என்றால் அவர்களுக்கு மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. சாதாரண வருஷத்தில் இந்தக் குழப்பம் பெரிய சேதம் செய்யாது. 2009-இல் செய்யும். மார்ச் தொடக்கத்தில் சந்தை அடிமட்டத்தை ஒட்டிக் கிடந்தது, ஏப்ரல் தொடக்கத்தில் சந்தை எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டது. எக்செல்லில் ஒட்டியதும் 13-ஐத் தாண்டிய ஒரு நாளைப் பார்த்து, எந்த முறையில் தேதி விழுந்திருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அரை நிமிட வேலை.

படி 2: ஸ்பிளிட் நடந்ததா என்று பாருங்கள்

நான் சொந்தமாக மாட்டிக்கொண்ட இடம் இது. பழைய வருஷங்களின் விலையை ஒரு தளத்திலிருந்தும் புதிய வருஷங்களின் விலையை இன்னொரு தளத்திலிருந்தும் எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி, வரைபடம் போட்டேன். 2008 ஜூலை கடைசியில் கோடு செங்குத்தாகக் கீழே விழுந்தது. ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு காலி. 2008 நெருக்கடி ஆண்டு என்பதால் எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. "லேமன் விழுந்த சமயம், அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு குறிப்பு வேறு எழுதி வைத்தேன். லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்தது செப்டம்பரில். ஜூலையில் நடந்தது வெறும் யூனிட் பிரிப்பு.

ஸ்பிளிட் என்றால் ஒரு 100 ரூபாய் நோட்டைச் சில்லறை மாற்றுவது மாதிரி. கையில் இருக்கும் மதிப்பு மாறாது, தாள்களின் எண்ணிக்கைதான் மாறும். ஈ.ஈ.எம் இரண்டு முறை ஒன்றுக்கு மூன்றாகப் பிரிந்தது: 2005 ஜூன் 9, 2008 ஜூலை 24. 2003-இல் ஒரே ஒரு யூனிட் வாங்கியவர், 2008 ஜூலைக்குப் பிறகு கணக்கைத் திறந்தால் ஒன்பது யூனிட் இருக்கும்.

இப்போது 2007-ஆம் ஆண்டின் கடைசி விலையைப் பார்ப்போம். அன்றைக்கு ஒருவர் ஒரு யூனிட்டுக்கு உண்மையில் கொடுத்த பணம் 150.30 டாலர். இன்று பெரும்பாலான தளங்களில் அந்த நாளுக்கு எதிரே 50.10 என்று இருக்கும். 2008 ஸ்பிளிட்டுக்காக மூன்றால் வகுத்துவிட்டார்கள். தொடக்க நாட்களின் கதையும் இதேதான். 2003-இல் சுமார் 100 டாலருக்கு வாங்கிய யூனிட், இன்றைய பட்டியலில் 11 டாலரை ஒட்டி நிற்கும், ஏனென்றால் அதை ஒன்பதால் வகுத்திருக்கிறார்கள். 11 டாலருக்கு ஈ.ஈ.எம் யூனிட் வாங்கியவர் உலகில் ஒருவரும் கிடையாது.

பெரும்பாலான தளங்கள் 'முடிவு விலை' என்று காட்டுவதே ஸ்பிளிட்டுக்காகச் சரிசெய்த விலைதான். சிக்கல் வருவது, பழைய செய்தித்தாள் துணுக்கிலோ, பழைய புரோக்கர் கணக்குத் தாளிலோ இருக்கும் எண்ணை இதனோடு கலக்கும்போது. உங்கள் பட்டியல் எந்த வகை என்று தெரிந்துகொள்ள, 2008 ஜூலை 23, 24 ஆகிய இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். இரண்டும் 40-களில் இருந்தால் சரிசெய்தது. முதல் வரி 130 பக்கமும் அடுத்தது 40-களிலும் இருந்தால் சரிசெய்யாதது.

இதேபோல் இன்னொரு பிரபலமான வளரும் சந்தை ஃபண்ட் வான்கார்ட் நிறுவனத்தின் வி.டபிள்யூ.ஓ. அது 2008 ஜூன் 18-இல் ஒன்றுக்கு இரண்டாகப் பிரிந்தது. இரண்டு ஃபண்டுகளின் அசல் விலைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால் எதுவும் புரியாது. தவிர, யூனிட் விலை அதிகமாக இருப்பதால் ஃபண்ட் உசத்தி என்பதும் இல்லை.

படி 3: டிவிடெண்ட் எங்கே போனது?

ஃபண்ட் வைத்திருக்கும் நிறுவனங்கள் டிவிடெண்ட் தருகின்றன. ஃபண்ட் அதைச் சேர்த்து வைத்து, ஈ.ஈ.எம் விஷயத்தில் ஜூனிலும் டிசம்பரிலும், யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறது. டிவிடெண்டுக்கான உரிமை யூனிட்டிலிருந்து பிரியும் 'எக்ஸ்-டிவிடெண்ட்' நாளில் அந்தத் தொகை ஃபண்டின் மதிப்பிலிருந்து கழிகிறது, அதனால் யூனிட் விலை அதே அளவு இறங்கும். பணம் சில நாட்களில் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். விலை வரைபடத்தில் மட்டும் அது நஷ்டமாகத் தெரிகிறது.

இதைச் சமாளிக்கத்தான் 'சரிசெய்யப்பட்ட முடிவு விலை' என்ற அந்த இன்னொரு பத்தி. அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு பயமே இருக்காது. விலை 40 டாலர், டிவிடெண்ட் 40 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 0.40-ஐ 40-ஆல் வகுத்தால் 0.01. ஒன்றிலிருந்து கழித்தால் 0.99. இந்த நாளுக்கு முந்தைய எல்லா விலைகளையும், 2003 வரைக்கும் பின்னால் போய், 0.99-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த டிவிடெண்ட் வரும்போது மறுபடியும் ஒரு பெருக்கல்.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. பழைய விலைகள் தேய்ந்துகொண்டே போகும். 2010 இறுதியின் 47.64, இன்றைய சரிசெய்த பத்தியில் 40-க்கும் கீழே இருக்கும். இரண்டு வருஷம் முன்பு நீங்கள் இறக்கி வைத்த கோப்பில் ஒரு எண், இன்று அதே நாளுக்கு வேறொரு எண். தளம் தவறு செய்துவிட்டது என்று பதறி மின்னஞ்சல் அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். தவறு ஒன்றும் இல்லை, இடையில் நாலு டிவிடெண்ட் வந்திருக்கிறது, அவ்வளவுதான். சரிசெய்த பத்தியில் தனி எண்ணுக்கு அர்த்தம் கிடையாது, இரண்டு நாட்களின் எண்களுக்கு இடையே உள்ள விகிதத்துக்குத்தான் அர்த்தம். அந்த விகிதம், வந்த டிவிடெண்டையெல்லாம் மறுபடியும் அதே ஃபண்டில் போட்டிருந்தால் பணம் எத்தனை மடங்காகியிருக்கும் என்பதைச் சொல்கிறது. உங்கள் வரியை அது கழிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆக, "2010-இல் என்ன விலைக்கு விற்றது?" என்று கேட்டால் முடிவு விலைப் பத்தி. "2010-இல் போட்ட பணம் என்ன ஆயிற்று?" என்று கேட்டால் சரிசெய்த பத்தி. ஒரு தேதிக்கு இதையும் இன்னொரு தேதிக்கு அதையும் எடுத்து சதவீதம் போடக்கூடாது. சொல்லும்போது அற்பமாகத் தெரியும், நள்ளிரவில் எக்செல்லில் உட்கார்ந்திருக்கும்போது எல்லோரும் செய்வார்கள்.

குறியீட்டிலும் இதே பிரச்சினை மூன்று முகத்தோடு வரும். எம்.எஸ்.சி.ஐ. தன் குறியீட்டை மூன்று விதமாக வெளியிடுகிறது: டிவிடெண்ட் சேராத 'விலை' வகை, முழு டிவிடெண்டையும் சேர்த்த 'மொத்த' வகை, வெளிநாட்டவரிடம் பிடித்தம் செய்யும் வரியைக் கழித்துவிட்டு டிவிடெண்டைச் சேர்க்கும் 'நிகர' வகை. 2008-இல் விலை வகை 54.48 சதவீதம் இறங்கியது, மொத்த வகை 53.18, நிகர வகை 53.33. மூன்று கட்டுரைகளில் மூன்று எண்களைப் பார்த்தால் மூவரும் சரியாகவே எழுதியிருக்கலாம். ஃபண்டோடு ஒப்பிட நிகர வகைதான் பொருத்தம்.

படி 4: எந்தத் தேதியிலிருந்து?

புள்ளிவிவரத்தில் ஏமாற்ற விரும்புகிறவருக்கு பொய் எண் தேவையே இல்லை, தொடக்கத் தேதியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் போதும்.

2003 முதல் 2007 வரையான ஐந்து ஆண்டுகளில் குறியீட்டின் நிகர வருமானம் வரிசையாக ஏறக்குறைய 56, 26, 34, 32, 39 சதவீதம். இவற்றைக் கூட்டாதீர்கள், பெருக்குங்கள். 1.56 பெருக்கல் 1.26 என்று போய்க்கொண்டே இருந்தால், 100 டாலர் 480 டாலரைத் தாண்டிவிடும். சீனா இரும்பையும் செம்பையும் உறிஞ்சிக்கொண்டிருந்த காலம். கோல்ட்மேன் சாக்ஸின் ஜிம் ஓ'நீல் 2001-இல் உருவாக்கிய 'பிரிக்' (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா) என்ற சொல்லை, பங்கு பக்கமே போகாதவர்கள்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரைபடத்தைப் பார்த்து 2007 கடைசியில் நுழைந்தவரின் கதை வேறு. முதல் வருஷமே 53.33 சதவீதம் சரிவு. 100 டாலர் 46.67 ஆனது. அடுத்த வருஷம், 2009-இல் 78.51 சதவீத ஏற்றம். "53 போச்சு, 78 வந்துச்சு, 25 லாபம்" என்று மனம் கணக்குப் போடும். 46.67-ஐ 1.7851-ஆல் பெருக்கிப் பாருங்கள். 83.31 தான். இன்னும் 17 டாலர் பள்ளத்தில் இருக்கிறோம். 53.33 சதவீதம் இழந்தவர் பழைய இடத்துக்கு வர 114 சதவீதம் ஏற வேண்டும். இந்தக் கணக்கைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அறிந்தவர்களும் வாய்க்கணக்கில் இதைத் தவறவிடுகிறார்கள்.

2007 இறுதியிலிருந்து 2024 இறுதி வரை 17 ஆண்டுகள். ஈ.ஈ.எம் முடிவு விலை 50.10-லிருந்து 41.82-க்கு, அதாவது 16.5 சதவீதம் கீழே. அதே காலத்தில் குறியீட்டின் நிகர வருமானம் சுமார் 30 சதவீதம் மேலே, வருஷத்துக்கு ஒன்றரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். இரண்டு வாக்கியமும் உண்மை. 2003-லிருந்து கணக்கை ஆரம்பித்துப் பெரிய ஏற்றத்தைக் காட்டும் விளம்பரம் வந்தால் அதுவும் உண்மை. அதனால் ஒரு தேதியோடு நிற்காமல், 2003, 2007, 2008, 2010, 2015 என்று நாலைந்து ஆண்டு இறுதிகளிலிருந்து தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பதில்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதே அந்த ஃபண்டின் குணத்தைச் சொல்லிவிடும்.

படி 5: கூடைக்குள் இருப்பது அதே பொருள்தானா?

பழைய விலையைப் படிக்கும் பலர் இங்கே நிற்பதில்லை. என் அபிப்பிராயத்தில் மிகவும் சுவாரஸ்யமான பகுதி இதுதான்.

2007-இல் இந்தக் கூடையின் கனமான பெயர்கள் ரஷ்யாவின் காஸ்ப்ரோம், பிரேசிலின் பெட்ரோபிராஸ், சைனா மொபைல் போன்றவை. எண்ணெய், எரிவாயு, தொலைபேசி. 2024-இல் மேலே இருந்தவை தைவானின் டி.எஸ்.எம்.சி., சீனாவின் டென்சென்ட், அலிபாபா, கொரியாவின் சாம்சங். சிப், இணையம், கைபேசி. பெயர்ப்பலகை அதே, கடைக்குள் சரக்கு வேறு. 2007-இன் விலையும் 2024-இன் விலையும் ஒரே பொருளின் விலை என்று சொல்வது, அந்தக் காலத்து மளிகை ரசீதையும் இந்தக் காலத்து மளிகை ரசீதையும் பொருளைப் பார்க்காமல் கடைசி வரியை மட்டும் ஒப்பிடுவது மாதிரி.

நாடுகளும் உள்ளே வெளியே போய்க்கொண்டே இருக்கும். இஸ்ரேல் 2010-இல் 'வளர்ந்த சந்தை' ஆகிக் கூடையைவிட்டுப் போனது. கிரீஸ் 2013-இல் எதிர்த்திசையில், வளர்ந்த சந்தையிலிருந்து கீழிறங்கி இதற்குள் வந்தது. கத்தாரும் அமீரகமும் 2014-இல் வந்தன. சீனாவின் உள்நாட்டுப் பங்குகள் 2018-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கப்பட்டன. சவூதி 2019-இல் வந்தது. பாகிஸ்தான் 2017-இல் உள்ளே, 2021-இல் வெளியே. 1998-இல் மலேசியா அன்னியப் பணத்தின் வெளியேற்றத்துக்குக் கட்டுப்பாடு போட்டதும் அதைக் கூடையிலிருந்து நீக்கி, 2000-இல்தான் திரும்பச் சேர்த்தார்கள்.

இவையெல்லாம் ஓரளவு ஒழுங்காக நடந்த மாற்றங்கள். ரஷ்யா அப்படி இல்லை. உக்ரைன் போர் தொடங்கிய இரண்டாவது வாரத்தில், 2022 மார்ச் 9 அன்று, எம்.எஸ்.சி.ஐ. ரஷ்யப் பங்குகளை நடைமுறையில் பூஜ்ஜிய விலையில் குறியீட்டிலிருந்து எடுத்தது. விற்றுவிட்டு வெளியேறவில்லை, விற்க வாங்குபவர் இல்லை, சந்தையே மூடிக் கிடந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கூடையில் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்த ஒரு நாடு, ஒரே அடியாகக் காணாமல் போனது. பழைய விலை வரைபடத்தில் இதைத் தேடினால் கண்ணில் படாது, 2022-இன் பொதுவான 20 சதவீதச் சரிவுக்குள் அது கரைந்து கிடக்கிறது. ஆனால் வளரும் சந்தை என்றால் என்ன ஆபத்து என்று கேட்பவருக்கு நான் காட்டுவது அந்த மூன்று சதவீதத்தைத்தான்.

இன்னொரு நுணுக்கம். 'வளரும் சந்தை' என்ற பெயருக்கு ஒரே ஒரு வரையறை இல்லை. எம்.எஸ்.சி.ஐ. கணக்கில் தென் கொரியா வளரும் சந்தை. குறியீடு தயாரிக்கும் இன்னொரு நிறுவனமான எஃப்.டி.எஸ்.இ. கணக்கில் 2009 முதலே வளர்ந்த சந்தை. வி.டபிள்யூ.ஓ. முதலில் எம்.எஸ்.சி.ஐ. குறியீட்டைத்தான் பின்பற்றியது. 2013-இல் எஃப்.டி.எஸ்.இ.க்கு மாறியபோது சாம்சங் உட்பட மொத்தக் கொரியாவும் படிப்படியாக அதிலிருந்து வெளியேறியது. ஆக வி.டபிள்யூ.ஓ.வின் 2010 விலையில் கொரியா உண்டு, 2015 விலையில் இல்லை. ஈ.ஈ.எம்-இல் இரண்டு ஆண்டிலும் உண்டு. இரண்டு ஃபண்டுகளின் கோடுகளும் அதற்குப் பிறகு பிரிந்து போவதைப் பார்த்து "மேனேஜர் சரியில்லை" என்று சொன்னால் பாவம் அந்த மேனேஜர்.

படி 6: கடிகாரத்தைப் பாருங்கள்

இ.டி.எஃப்.-க்கு இரண்டு விலை உண்டு. ஒன்று சந்தையில் கைமாறிய விலை. இன்னொன்று என்.ஏ.வி., அதாவது கூடைக்குள் இருக்கும் பங்குகளின் மதிப்பை யூனிட் எண்ணிக்கையால் வகுத்தது. மும்பையில் வர்த்தகம் 3.30-க்கு முடியும்போது, கோடைகாலத்தில் நியூயார்க்கில் காலை 6 மணி. தைவான் அதற்கும் நாலரை மணி நேரம் முன்பே மூடிவிட்டது. நியூயார்க்கில் மாலை 4 மணிக்கு ஈ.ஈ.எம் விலை முடியும்போது, ஆசியப் பங்குகளின் விலை பல மணி நேரப் பழசு. இடையில் ஏதாவது பெரிய செய்தி வந்தால் யூனிட் விலை நகர்ந்துவிடும், என்.ஏ.வி. பின்னால் வரும். சீனாவில் அக்டோபர் தேசிய விடுமுறை வாரத்தில் இந்த இடைவெளி இன்னும் நன்றாகத் தெரியும். நாளுக்கு நாள் ஒப்பிடும்போதுதான் இது தொல்லை. ஆண்டுக் கணக்குக்கு விட்டுவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே வகை விலையை எடுங்கள்.

படி 7: ரூபாயில் மாற்றிப் பாருங்கள்

பட்டியல் முழுக்க டாலர். செலவு செய்யப்போவது ரூபாயில் என்றால் இந்தப் படி கட்டாயம். 2007 இறுதியில் ஒரு டாலர் சுமார் 39.40 ரூபாய். ஈ.ஈ.எம் யூனிட் ஏறக்குறைய 1,974 ரூபாய். 2024 இறுதியில் டாலர் சுமார் 85.60 ரூபாய். யூனிட் 3,580 ரூபாய். டாலரில் 16.5 சதவீத நஷ்டம், ரூபாயில் 81 சதவீத ஏற்றம். ஒரே யூனிட்தான்.

உடனே சந்தோஷப்பட வேண்டாம். 17 வருஷத்துக்கு 81 சதவீதம் என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு மூன்றரை சதவீதம். டிவிடெண்டையும் சேர்த்துக்கொண்டாலும் அதே காலத்து வங்கி எஃப்.டி. முந்திவிடும். அதுவும் இந்த ஏற்றம் ஃபண்டின் சாமர்த்தியம் இல்லை, நம் ரூபாயின் சரிவு. இன்னொரு விஷயம், 2024 இறுதியில் இந்தக் கூடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இந்தியப் பங்குகள். அந்தப் பகுதியின் மதிப்பு ரூபாயிலிருந்து டாலருக்குப் போய், நம் கணக்கில் மறுபடி ரூபாய்க்கே வருகிறது. அங்கே டாலர் ஏற்றத்தால் நமக்கு ஆதாயம் எதுவும் இல்லை. இலங்கையில் இருப்பவர்கள் இந்தப் படியை இன்னும் கவனமாகப் போட வேண்டும். 2022 மார்ச்சில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டாலர் மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. அந்த இரண்டு மாதத்தைத் தாண்டும் எந்தக் கணக்கிலும் ஃபண்டைவிட நாணயமே அதிகம் பேசும்.

நாணய விலையையும் அதே தேதிக்கு எடுங்கள். 2007 விலையை இன்றைய டாலர் மதிப்பால் பெருக்குவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

செலவைப் பற்றி இரண்டு வரி

ஈ.ஈ.எம்-இன் ஆண்டுச் செலவு விகிதம் 0.7 சதவீத அளவில் இருக்கிறது. அதைத் தனியாகக் கழிக்கத் தேவையில்லை, யூனிட் விலையிலேயே ஏற்கனவே கழிந்துவிட்டது. சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் குறியீடே வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம் கொடுத்த அந்த 17 ஆண்டுகளில், 0.7 என்பது கிட்டத்தட்ட பாதி. இதே பிளாக்ராக் 2012-இல் ஐ.ஈ.எம்.ஜி. என்று இன்னொரு வளரும் சந்தை ஃபண்டைத் தொடங்கியது, சிறு நிறுவனங்களும் சேர்ந்தது, செலவு 0.1 சதவீதத்துக்கும் கீழே. ஈ.ஈ.எம் இன்றும் பெரிதாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தினசரி வாங்கி விற்கிறவர்கள்.

கடைசியாக, தாளை நிரப்புவது

நான் இப்போது செய்வது இதுதான். எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒரு ஆண்டு இறுதி, அவ்வளவே. தினசரி விலை 5,000 வரி வேண்டாம், கண்தான் வலிக்கும். அதன் எதிரே முடிவு விலை, சரிசெய்த விலை, அன்றைய டாலரின் ரூபாய் மதிப்பு, குறியீட்டின் அந்த ஆண்டு நிகர வருமானம் என்று நான்கு பத்தி. அப்புறம் அந்த ஆண்டில் கூடையில் யார் வந்தார், யார் போனார் என்று ஒரு குறிப்புப் பத்தி. 2013-க்கு எதிரே "கிரீஸ் வந்தது", 2022-க்கு எதிரே "ரஷ்யா பூஜ்ஜியம்". சரிசெய்த விலையின் ஆண்டு மாற்றமும் குறியீட்டின் நிகர வருமானமும் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பேன். பெரிதாக விலகினால் முதலில் தேதியைச் சந்தேகப்படுவேன், அடுத்து ஸ்பிளிட்டை. ஃபண்டைச் சந்தேகப்படும் நிலை இதுவரை வந்ததில்லை.

தாளின் முதல் வரியில், விலைகளுக்கு மேலே, எந்தத் தளத்திலிருந்து, எந்தத் தேதியில் இறக்கினேன் என்று எழுதி வைக்கிறேன். அடுத்த ஜூனில் டிவிடெண்ட் வந்ததும் சரிசெய்த பத்தி முழுக்க மாறிவிடும். அப்போது பழைய எண்களுக்குக் கீழே புதிய வரிசையை மட்டும் ஒட்டாமல், பத்தியை மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.